லிப்ரே ஆபிஸ் பக்சில்லா: நம்ம ஊர் ஆபிஸ்களுக்கு எவ்வளவு தூரம் கை கொடுக்கும்?

திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டோ, ஈரோட்டு மஞ்சள் கமிஷன் கடையோ, சோமனூர்ப் பக்கத்து விசைத்தறி ஆபிஸோ, எங்கே போனாலும் பில் போட ஒரு தனி சாப்ட்வேர் இருக்கும். பேக்கிங் லிஸ்ட், கொட்டேஷன், கூலிக் கணக்கு, பேங்குக்கு லெட்டர் என்று மிச்ச வேலையெல்லாம் எக்செல், வேர்டில் ஓடும். லைசென்ஸ் செலவைப் பார்த்து, காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபிஸுக்கு மாறுகிற இடங்களில் முதலாளி கேட்கிற முதல் கேள்வி, "ஏதாச்சும் ஆச்சுன்னா யாருகிட்டங்க கேக்கறது?" என்பதுதான். அதற்கான அதிகாரப்பூர்வமான இடம், லிப்ரே ஆபிஸை வெளியிடும் டாக்குமெண்ட் பவுண்டேஷன் நடத்தும் பக்சில்லா என்ற இணையதளம். இங்கே எடை போடப்போவது லிப்ரே ஆபிஸை அல்ல. அதில் பிழை வந்தால் புகார் வாங்கும் இந்தச் சேவையை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உங்கள் புகாரை இன்னொருவர் தன் மெஷினில் செய்து பார்க்க முடிகிற மாதிரி, சின்ன மாதிரி பைலோடு கொடுத்தால், காசு கொடுத்து வாங்குகிற பல சாப்ட்வேர்களின் ஹெல்ப்லைனை விட இது மேல். "எப்படிச் செய்வது" என்று கேட்கப் போனால் தப்பான வாசல். மாசக் கடைசியில் பைல் திறக்காமல் நிற்கும்போது இதை நம்பி உட்கார்ந்தால் அன்றைய வேலை நடக்காது.

லிப்ரே ஆபிஸ், 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது. பிழைப் பட்டியல் முதலில் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் தளத்தில் இருந்து, 2015 தொடக்கத்தில் சொந்த பக்சில்லாவுக்கு வந்தது. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண். அந்த எண்ணின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறந்து, என்ன பேசினார்கள், யார் கை வைத்தார்கள், எந்த வெளியீட்டில் சரியானது என்று முழுசாகப் படிக்கலாம். டிக்கெட் நம்பர் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிற சப்போர்ட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வெளிப்படைத்தன்மையே பெரிய விஷயம். நமக்கு வந்த அதே பிழை ஜெர்மனியில் ஒருவருக்கு மூன்று வருஷம் முன்பே வந்து, தற்காலிக வழியும் அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள். ஆகவே புது புகார் எழுதுவதற்கு முன் தேடுவது நல்லது. தேடலை ஆங்கிலத்தில், பிழை எங்கே வருகிறதோ அந்த மெனுவின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். "பிரிண்ட் ப்ராப்ளம்" என்று தேடினால் குவியும். "பிரிண்ட் ரேஞ்ச்", "ரிப்பீட் ரோஸ்" என்று தேடினால் நமக்கு வேண்டியது கிடைக்கும்.

பக்சில்லாவுக்கு வருகிற தமிழ்ப் புகார்களில் எவை நிஜப் பிழை, எவை செட்டிங் என்று பிரிக்கிற வேலைதான் கஷ்டம். அடிக்கடி கிளம்புகிற ஒன்று: "ஸ்டைலில் எழுத்தளவை 12 என்று மாற்றினேன், இங்கிலீஷ் மாறுது, தமிழ் மாறலை." இது பிழையே இல்லை. லிப்ரே ஆபிஸ், தமிழை ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது; ஸ்டைலுக்குள் அதற்கு எழுத்துருவும் அளவும் தனி. ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ போய் மொழிகள் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்டுக்குத் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஸ்டைலில் இரண்டு பகுதியையும் மாற்றினால் முடிந்தது. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ‘ஆஸ்க் லிப்ரே ஆபிஸ்’ என்ற கேள்வி-பதில் தளம் தனியாக இருக்கிறது. அவசரமாக வேலை நிற்கிறவர்கள் முதலில் போக வேண்டியதும் அங்கேதான். அங்கே பழகியவர்கள், "இது பிழை, பக்சில்லாவில் போடு" என்று சொன்னால் தைரியமாகப் போடலாம்.

புகார் எழுதும் முன் செய்ய வேண்டிய சோதனைகளில் முக்கியமானது சேஃப் மோட். ‘ஹெல்ப்’ மெனுவில் ‘ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்’ இருக்கிறது. அதில் தொடர்ந்தால் உங்கள் செட்டிங் எதையும் தொடாமல், தற்காலிகப் புது புரொஃபைலில் (உங்கள் செட்டிங்குகளைச் சேர்த்து வைக்கும் போல்டர்) புரோகிராம் திறக்கும். பிழை அங்கே வரவில்லை என்றால் குற்றவாளி உங்கள் புரொஃபைல்: கெட்டுப்போன செட்டிங், இல்லையென்றால் யாரோ போட்டுவைத்த எக்ஸ்டென்ஷன். புகார் படிவத்திலேயே "யூசர் புரொஃபைல் ரீசெட் செய்தீர்களா" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் இல்லை என்று போட்டால் முதல் பதிலே, "செய்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றுதான் வரும். ஒரு சுற்று வீண்.

ஸ்கிரீனில் எழுத்து இருக்கும் இடமே கருப்பாவது, கட்டம் கட்டமாக உடைவது, ஸ்க்ரோல் செய்தால் கோடு விழுவது போன்ற கோளாறுகளுக்கு இன்னொரு சோதனை. விண்டோஸில் 7.0 வெளியீட்டிலிருந்து ஸ்கியா என்ற நிரல் நூலகம் (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல்) திரையில் வரைகிற வேலையைச் செய்கிறது. பழைய கிராஃபிக்ஸ் டிரைவரோடு அது ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. நம்ம ஆபிஸ்களில் செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் நிறைய என்பதால் இதை அவசியம் பார்க்க வேண்டும். ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘வியூ’ பக்கத்தில் ஸ்கியாவை சாப்ட்வேர் ரெண்டரிங்குக்கு (கிராஃபிக்ஸ் கார்டை விட்டு பிராசசரே வரைகிற முறை) மாற்றி, புரோகிராமை மூடித் திறந்து பாருங்கள். சரியானால் அதையும் புகாரில் எழுதுங்கள். டெவலப்பருக்கு அந்த ஒரு வரி பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

வெளியீட்டு எண்ணும் முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒரு புது வரிசை வருகிறது. 2024 முதல் ஆண்டு, மாதத்தை வைத்து 24.2, 24.8, 25.2, 25.8 என்று எண் போடுகிறார்கள். ஒரு வரிசை ஒரு வருஷம்கூடத் திருத்தம் பெறாது. அதனால் ஐந்து வருஷம் முன் கடைக்காரர் போட்டுக் கொடுத்த 6.4-ஐ வைத்துக்கொண்டு புகார் எழுதினால், புதியதில் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். அது நியாயமும்கூட. விண்டோஸ் 7 மெஷின் இன்னும் ஓடுகிற இடங்கள் கவனிக்க: 25.8 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஆதரவு கிடையாது.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிற புகாரைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதில் பாதி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. 2017-இல் வந்த 5.3 முதல், எல்லா இயங்குதளத்திலும் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் செய்கிறது. ஃபயர்பாக்ஸிலும் அதே ஹார்ஃப்பஸ்தான். இதை வைத்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். ஃபயர்பாக்ஸ் செட்டிங்கில் எழுத்துருப் பகுதியில் தமிழுக்கு அதே எழுத்துருவைக் கொடுத்து, அதே வரியைப் பாருங்கள். ஃபயர்பாக்ஸில் சரி, லிப்ரே ஆபிஸில் மட்டும் கோணல் என்றால் லிப்ரே ஆபிஸ் பிழை. தயங்காமல் பக்சில்லாவில் போடலாம். இரண்டிலும் கோணல், ஆனால் நோட்பேடில் அதே எழுத்துருவோடு சரி என்றால் சந்தேகம் ஹார்ஃப்பஸ் மேல். மூன்றிலும் கோணல் என்றால் எழுத்துருதான். நோட்டோ தமிழ் எழுத்துரு என்றால் அதற்கு கிட்ஹப்பில் தனிப் புகார்ப் பக்கம் இருக்கிறது. இந்த வேலையைச் செய்யாமல் போட்டால், "எங்கள் பிழை இல்லை" என்ற முத்திரையோடு மூடிவிடுவார்கள். பலர் அதைக் கண்டு மனம் உடைந்து போகிறார்கள். அவர்கள் தட்டிக் கழிக்கவில்லை. சரியான கதவைக் காட்டுகிறார்கள்.

இன்னொரு தொல்லை பழைய எழுத்துருக் கோப்புகள். 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே சமயத்தில்தான் யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய வானவில், பாமினி, டாம், டாப் கோப்புகள் சொசைட்டிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அச்சகங்களிலும் இன்னமும் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். அதை எழுத்துரு மாற்றும் கருவியில் போட்டு யூனிகோடாக்கும்போது சில இடங்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் அது வர வேண்டும். அப்போது கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தைக் கண்டால் புகார் எழுத வேண்டாம், கோப்பைத் திருத்துங்கள். சந்தேகம் இருந்தால் ரைட்டரில் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டும் எக்ஸும் அழுத்தினால் யூனிகோட் எண் தெரியும். திரும்ப அழுத்தினால் பழையபடி எழுத்தாகும்.

சோதனை முடிந்தது, நிஜப் பிழைதான் என்றால் படிவம். கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். கம்பெனி மெயிலைக் கொடுக்காமல் தனி மெயில் ஒன்றைக் கொடுப்பது நல்லது. பிறர் கண்ணில் படும். ‘ஹெல்ப்’, ‘அபவுட் லிப்ரே ஆபிஸ்’ திறந்தால் வெளியீட்டு எண், பில்ட் (தொகுத்த பதிப்பு) எண், இயங்குதளம், ரெண்டரிங் முறை, லோக்கேல் (மொழி, நாடு அமைப்பு) எல்லாம் ஒரே பட்டனில் காப்பி ஆகும். அதை அப்படியே ஒட்டுங்கள், கையால் எழுத வேண்டாம். படிவத்தில் ‘வெர்ஷன்’ என்ற இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: இப்போது உங்களிடம் இருப்பதைக் கேட்கவில்லை, பிழை தெரிகிற மிகப் பழைய வெளியீட்டைக் கேட்கிறார்கள். பழைய வெளியீடுகள் எல்லாம் அவர்களின் டவுன்லோட் ஆர்க்கைவில் கிடைக்கும். "7.3-இல் சரி, 7.4-இல் தப்பு" என்று சொல்ல முடிந்தால் அந்தப் புகாருக்கு ‘ரெக்ரெஷன்’ (முன்பு சரியாக இருந்து பிறகு கெட்டது) என்ற குறி விழும்; அதற்கு மேல், எந்தக் குறிப்பிட்ட மாற்றத்தால் கெட்டது என்பதைத் தன்னார்வலர்கள் பில்ட் வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாற்றம் செய்தவர் யார் என்று தெரிந்த பிழை, யாருடையது என்று தெரியாத பிழையை விட வேகமாகக் கரை சேரும்.

தலைப்பு வரி. "தமிழ் நாட் ஒர்க்கிங், ப்ளீஸ் ஹெல்ப்" என்று எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். பழகியவர்கள் முதலில் பிழை நடக்கும் சமயத்தை எழுதுவார்கள்: ஃபைல் ஓப்பன், ஃபைல் சேவ், எடிட்டிங், பிரிண்டிங், கிராஷ். பிறகு கோப்பு வகை, பிறகு நடந்தது. "ஃபைல் சேவ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ்: இணைத்த செல்லில் உள்ள தமிழ் வரியின் உயரம் திரும்பத் திறக்கும்போது பாதியாகிறது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். இலக்கணம் பார்க்க மாட்டார்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்ததும் ஓடும், ஆனால் மெனுப் பெயர்கள் திரையில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். தமிழ் இடைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் ஆங்கில இடைமுகத்துக்கு மாற்றிப் பெயரைப் பார்த்து எழுதுங்கள்.

புகாரின் உடலில் மூன்று பகுதி: படிகள், நடந்தது, நடந்திருக்க வேண்டியது. படிகள் புதுக் கோப்பிலிருந்தோ இணைத்த மாதிரியிலிருந்தோ தொடங்கி, ஒரு வரிக்கு ஒரு கிளிக் என்று இருக்க வேண்டும். ‘பி7 செல்லில் டபுள் கிளிக் செய்யவும், கடைசி எழுத்தை அழிக்கவும், என்டர் அடிக்கவும்’ என்ற அளவுக்கு. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்பது கடைக்காரரிடம் சொல்ல சரி, இங்கே பயன்படாது. பையர் அனுப்பிய எக்செல் பைல் இங்கே கோணலாகத் தெரிகிறது என்றால், மூலக் கோப்போடு மைக்ரோசாப்ட் ஆபிஸிலிருந்து எடுத்த பிடிஎஃப் ஒன்றும் சேர்க்கவும். இல்லாவிட்டால் எது சரி என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. புரோகிராம் மூடிக்கொண்டால் கிராஷ் ரிப்போர்ட் அனுப்பச் சொல்லிக் கேட்கும். அனுப்பி, அது தரும் எண்ணைப் படிவத்தில் அதற்குரிய கட்டத்தில் போடுங்கள்.

மாதிரிக் கோப்பில்தான் நம்ம ஊர் ஆபிஸ்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். இணைப்பு உலகத்துக்கே தெரியும். பார்ட்டி பெயர், ஜிஎஸ்டி எண், பீஸ் ரேட், பேங்க் கணக்கு உள்ள கோப்பை அப்படியே போட்டுவிட்டுப் பிறகு எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவதில் பயன் குறைவு. அதற்குள் யார் யார் இறக்கினார்களோ. நகல் ஒன்று எடுத்து, பிழை தெரிகிற தாளை மட்டும் வைத்து மற்ற தாள்களை அழியுங்கள். மறைத்து வைத்த தாள், வரிசை, கமெண்ட் எல்லாம் பாருங்கள். ‘ஃபைல்’, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய் ‘ரீசெட் ப்ராப்பர்ட்டீஸ்’ கொடுத்து எழுதியவர் பெயரைக் கழற்றுங்கள்.

மிச்ச வார்த்தைகளை மறைக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வகையைக் குறியால் சொல்லித் தேடும் முறை) வழி இருக்கிறது. ஆங்கில எழுத்தெல்லாம் ஒரே எழுத்து, இலக்கமெல்லாம் ஒரே இலக்கம் என்று மாற்றச் சொல்வது வழக்கம். தமிழுக்கு அதையே செய்தால் பிழையே மறைந்துவிடும், காரணம் பிழை பெரும்பாலும் உயிர்க்குறி சேரும் இடத்தில்தான் இருக்கும். அதனால் ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷன் டிக் போட்டு, தேடும் கட்டத்தில் [க-ஹ] என்றும் மாற்றும் கட்டத்தில் க என்றும் கொடுங்கள். மெய்கள் மட்டும் க ஆகும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் அதே இடத்தில் நிற்கும். "முருகேசன்" என்பது "குகுகேகக்" ஆகிவிடும். அதேபோல் [அ-ஔ] என்பதை அ ஆக்கலாம். மாற்றிய பிறகு பிழை இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தக் குறிப்பிட்ட எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் புதுக் கோப்பில் தட்டச்சிட்டு அனுப்பினால் இன்னும் உசத்தி.

பிரிண்டர் புகாருக்கு ஒரே சோதனை போதும். பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து, வேறொரு ரீடரில் திறந்து அதே டாட் மேட்ரிக்ஸில் அடியுங்கள். பிடிஎஃபிலேயே தப்பாக இருந்தால் லிப்ரே ஆபிஸ். பிடிஎஃப் திரையில் சரி, தொடர்தாளில் மட்டும் ஒவ்வொரு பக்கமும் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் டிரைவரில் தாள் அளவு கொடுக்காத குறை.

புகார் போட்ட பிறகுதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். புதுப் புகார் ‘அன்கன்ஃபர்ம்டு’ நிலையில் நிற்கும். இன்னொருவர் தன் மெஷினில் செய்து பார்த்து உறுதி செய்தால் ‘நியூ’ ஆகும். ‘நியூ’ என்றால் பிழை உண்மை என்று ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவே. யாராவது சரி செய்யப்போகிறார்கள் என்று அர்த்தமில்லை. வருஷக்கணக்கில் ‘நியூ’வாகவே கிடக்கும் பிழைகள் உண்டு, இந்தச் சேவையின் பெரிய குறையும் அதுதான். மேலும் விவரம் வேண்டுமென்றால் நிலையை ‘நீட்இன்ஃபோ’ ஆக்கிவிட்டுக் கேள்வி எழுதுவார்கள். நீங்கள் பதில் எழுதினால் மட்டும் போதாது, நிலையை நீங்களே ‘அன்கன்ஃபர்ம்டு’க்குத் திருப்ப வேண்டும். அந்தச் சின்னப் பட்டியலைத் தொடாமல் விட்டால், பதில் அங்கேயே இருந்தாலும் யார் தேடலிலும் வராது. ஆறு மாதம் கழித்து நினைவூட்டல் ஒன்று வரும், அதற்கும் அசையாவிட்டால் இன்னும் ஒரு மாதத்தில் ‘விவரம் போதவில்லை’ என்று மூடப்படும். மெயில் வராத கணக்கைக் கொடுத்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. படிவத்தில் இதை இன்னும் பெரிதாக எழுதி வைக்கலாம். புதியவர்கள் மேல் இரக்கமில்லாத இடம் இது.

"என்ன ஆச்சு, அப்டேட் உண்டா" என்று மாதாமாதம் எழுத வேண்டாம். ஒவ்வொரு வரியும் அந்தப் புகாரின் மெயில் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் மெயிலாகப் போகும். முக்கியத்துவத்தை நாமே உயர்த்தி வைப்பதும் வேலைக்காகாது, திருப்பி இறக்கிவிடுவார்கள். புது வெளியீடு வரும்போது சோதித்து, "25.8-இலும் அப்படியே இருக்கிறது" என்று காப்பி செய்த விவரத்தோடு எழுதுவதுதான் பயனுள்ள நினைவூட்டல். கட்டாயம் குறிப்பிட்ட தேதிக்குள் சரியாக வேண்டுமென்ற பெரிய கம்பெனிகளுக்கு, பவுண்டேஷன் சான்றளித்த டெவலப்பர்களைக் காசு கொடுத்து அமர்த்தும் வழி இருக்கிறது. மொழிபெயர்ப்புப் பிழைக்கு பக்சில்லாவே தேவையில்லை: தமிழ் மெனுவில் தப்பான சொல் இருந்தால் அவர்களின் வெப்லேட் தளத்தில் திருத்தத்தை நேராகப் பரிந்துரைக்கலாம்.

சரி செய்யப்பட்ட பிழையின் பக்கத்தில் தானியங்கிக் குறிப்பு ஒன்று விழும், கூடவே ‘ஒயிட்போர்டு’ என்ற கட்டத்தில் ‘டார்கெட்’ என்று வெளியீட்டு எண் வரும். அந்த எண்ணுள்ள வெளியீடு வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒன்றிரண்டு நாளில் டெய்லி பில்ட் தளத்தில் திருத்தம் சேர்ந்த பதிப்பு கிடைக்கும். ‘லிப்ரே ஆபிஸ் டெவ்’ என்ற பெயரில் அது தனியாக, தனிப் புரொஃபைலோடு இன்ஸ்டால் ஆவதால் ஆபிஸில் ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாது. உங்கள் மாதிரிக் கோப்பை அதில் திறந்து, அதே படிகளைச் செய்து பாருங்கள். சரியாக இருந்தால் எந்த பில்டில் பார்த்தீர்கள் என்று எழுதி நிலையை ‘வெரிஃபைடு’ ஆக்குங்கள். தமிழில் இன்னும் ஒரு மூலையில் கோணல் இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். திருத்தியவருக்கு அந்தப் பகுதி நினைவில் இருக்கும்போது கேட்டால்தான் மறுபடி கை வைப்பார்.